அந்தமானின் பாறைகளும் ஆளில்லாக் கரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறேன். சித்தப்பா குடும்பம் போர்ட் பிளேரில் பல வருடங்களாக இருப்பதால் போகும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிவிடுவேன். அதனால் யார் அந்தமான் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தப் பாறைப் பாலம் எங்கே இருக்கிறது, குகைக்கு எப்படிப் போவது, கூட்டமில்லாத கரை எது. இதுவரை சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சிறைச்சாலை, ஒலி ஒளிக் காட்சி, ஸ்கூபா பற்றியெல்லாம் வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே பாறையும் கரையும் மட்டும்.

பாறை அமைப்புகள் என்றால் எவையெவை? எங்கே இருக்கின்றன?

முதலாவது, நீல் தீவில் கடலோரமாக நிற்கும் இயற்கைப் பாலம். அடுத்து பாரடாங் தீவின் சுண்ணாம்புக்கல் குகை. அதே தீவில் சேற்று எரிமலையும் உண்டு. அப்புறம் வடக்கே டிக்லிபூர் பக்கம் ராம்நகர் அருகே இருக்கும் ஆல்ஃபிரட் குகைகள். உணவுக்காக விலைபோகும் கூடுகளைக் கட்டும் உழவாரன் குருவிகள் அந்தக் குகைகளில்தான் கூடு கட்டுகின்றன. டிக்லிபூருக்கு எதிரே ராஸ், ஸ்மித் என்ற இரண்டு தீவுகளை ஒரு மணல்திட்டு இணைத்திருக்கிறது. அது பாறை இல்லை, ஆனால் பார்த்தவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

வரைபடத்தில் நீல் தீவைக் காணவில்லையே?

பெயர் மாறிவிட்டது. 2018 டிசம்பரில் நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயர் என்றால் குழம்ப வேண்டாம். பேச்சில் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன. நானும் பழக்கத்தில் அதையே எழுதுகிறேன்.

நீல் என்ற பெயரில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் நீல் பெயரைத்தான் இந்தத் தீவுக்கு வைத்திருந்தார்கள். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பலர் சிறை போனார்கள். 1937இல் ராஜாஜி முதல்வரான பிறகுதான் சிலை அகன்றது. தீவின் பெயர் மாற இன்னும் 81 வருடம் ஆனது.

இயற்கைப் பாலம் எப்படி உருவானது? யாராவது செதுக்கியதா?

யாரும் செதுக்கவில்லை. அது ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த பவளத்திட்டு. பவள உயிர்களின் சுண்ணாம்புக் கூடு பல்லாயிரம் ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து கல்லானது. அந்தமான் முழுவதும் இரண்டு நிலத்தட்டுகள் மோதும் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் அடிக்கடல் மேலே எழும்போது பவளக்கல்லும் கரையேறியது. அப்புறம் அலை வேலையைத் தொடங்கியது. இளகிய அடிப்பகுதியைக் குடைந்து குடைந்து எடுத்தது, கெட்டியான மேல்பகுதி வளைவாக நின்றுவிட்டது. மேலே செடியும் மரமும் வேர்விட்டிருக்கின்றன.

நீல் தீவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். அவர்கள் இதை ஹவுரா பாலம் என்றே கூப்பிடுகிறார்கள். இழந்துவந்த ஊரின் திசையில் இருந்த பெருநகரத்துப் பாலத்தை இங்கே ஒரு கல்லில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்தது.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். காலையா மாலையா என்று கேட்காதீர்கள். கடல் எப்போது வற்றுகிறது என்று கேளுங்கள்.

முதல் தடவை எனக்கு இது தெரியாது. நீல் ஜெட்டியில் இறங்கி, சாப்பிட்டு, பகல் ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்து, பாலம் இருக்கும் லட்சுமண்பூர் இரண்டாம் கரைக்குப் போனேன். படியிறங்கிப் பார்த்தால் பாதை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் பாறையில் அறைந்துகொண்டிருந்தது. வளைவின் ஒரு விளிம்பு மட்டும் தூரத்தில் தெரிந்தது. இளநீர்க் கடையில் இருந்த பெண்மணி, "நாளைக்குக் காலையில் வாங்க, கடல் வழிவிடும்" என்று இந்தியில் சொன்னார். மறுநாள் அதே இடத்தில் நான் கால் நனையாமல் பாலத்துக்கு அடியில் நின்றேன். முந்தின நாள் தண்ணீர் இருந்த உயரம் பாறையில் ஈரக்கோடாகத் தெரிந்தது, என் இடுப்புக்கு மேலே.

கணக்கு இப்படி. ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். தினமும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும், அதே அளவுக்கு நன்றாக ஏறவும் செய்யும். அட்டமி, நவமி பக்கம் இரண்டுமே குறைவு. அதனால் பாலத்துக்குப் போகும் நாள் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாளுக்குள் இருந்தால் நல்லது. வீட்டு நாள்காட்டியே போதும்.

இன்னொன்று. தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. வற்றிய பிறகு முதல் ஒரு மணி நேரம் ஏறுவதே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்து சேரும். முதல் மணியின் அமைதியை நம்பி பாறைக்குழிகளில் மீன் பார்த்துக்கொண்டே நிற்பவர்கள் திரும்பும்போது முழங்கால் தண்ணீரில் தடுமாறுவார்கள். முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். கடல் திரும்பியதும் நீங்களும் திரும்பிவிடுங்கள். லோ டைடு நேரத்தைப் போனில் பார்க்கலாம். தங்கும் இடத்திலும் ஜெட்டியிலும் கேட்டாலே சொல்வார்கள்.

பாலம் வரை நடப்பது கஷ்டமா? என்ன போட்டுக்கொள்வது?

தூரம் குறைவு. தரைதான் சிக்கல். கூர்மையான பவளக்கல், பாசி, இடையிடையே குழி. ரப்பர் செருப்பு வழுக்கும், வெறுங்காலில் போனால் கிழியும். பின்வார் உள்ள சாண்டல் அல்லது பழைய கேன்வாஸ் ஷூ போதும். கேமராவைக் கழுத்தில் மாட்டி இரண்டு கைகளையும் காலியாக வையுங்கள்.

காலை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாரும் வளைவைப் படமெடுக்கப் போய்விடுகிறார்கள். நான் அதிக நேரம் நின்றது ஒரு குழியருகே. அண்டா வாய் அளவுதான் இருக்கும். அடியில் ஒரு சிப்பி, ராட்சதச் சிப்பி வகையில் சின்னது, அலைமாதிரி நெளிந்த ஓட்டுக்கு நடுவே மயில்நீல உதடு விரித்திருந்தது. என் நிழல் மேலே விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. நிழலை விலக்கிக் காத்திருந்தேன். நிமிடம் கழித்து மெதுவாக, நம்பிக்கை வந்த மாதிரி, திறந்தது. பக்கத்தில் கருப்புக் கடல் அட்டை ஒன்று மணலை விழுங்கியபடி கிடந்தது. காலடியில் கல் என்று நினைப்பது உயிராக இருக்கும். அங்கே உள்ளூர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், சிறு தொகைதான். எதை மிதிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும், கூட்டிப்போங்கள். சிலர் படம் எடுக்க உயிர்களைக் கையில் எடுத்துத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எடுக்க மாட்டார்கள்.

கல்மீன் என்றொரு மீன் உண்டு, அசல் கல்லைப் போலவே இருக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். குழிக்குள் கைவிடாதீர்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை மூழ்கவைத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாரடாங் சுண்ணாம்புக்கல் குகைக்கு எப்படிப் போவது?

போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாகச் சுமார் 100 கி.மீ. அதிகாலை நாலு மணிக்கு முன்பே கிளம்பி ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து வண்டிகளைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், கூட்டமாக, பாதுகாப்போடு காட்டுக்குள் விடுவார்கள். முதல் தொகுதி காலை ஆறு மணி வாக்கில். காடு முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியோடு படகேறி அக்கரை பாரடாங். அங்கிருந்து சின்ன இன்ஜின் படகு. உள்ளூரில் அதை டுங்கி என்பார்கள்.

டுங்கிப் பயணம் அரை மணி நேரம்தான். முதலில் அகலமான கடல்கால்வாய், பிறகு படகு திடீரெனச் சதுப்புக் காட்டுக்குள் திரும்பும். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் தலைக்கு மேலே கைகோத்திருக்கும். வெளிச்சம் பச்சையாகிவிடும். இன்ஜினை மெதுவாக்கியதும் வேர்களுக்கிடையே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும். இறங்கி வயல், காடு வழியாக ஒன்றரை கி.மீ. வாக்கில் நடை.

குகைக்குள் மின்விளக்கு கிடையாது. டார்ச் கொண்டுபோங்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. உள்ளே ஒவ்வொரு சொட்டாக விழும்போது கரைத்ததைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகிறது. கூரையிலிருந்து தொங்குவதும் தரையிலிருந்து எழுவதும் இப்படி வளர்ந்தவைதான். வழிகாட்டி ஒவ்வொன்றையும் டார்ச்சால் காட்டி யானை, பிள்ளையார், தாமரை என்பார். கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நீங்களே ஒரு தடவை விளக்கைச் சுவரின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தலைக்கு மேலே கல் வெள்ளையாக, ஈரத்தில் மினுங்கும். தோள் உயரத்துக்குக் கீழே பழுப்பாக, கருப்பாக இருக்கும். அது வருகிறவர்களின் கைபட்ட அழுக்கு. தோலின் எண்ணெய் படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, அங்கே கல் வளர்வது நின்றுவிடுகிறது. கையைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும்.

அந்தச் சாலையில் ஜாரவா மக்களைப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், வண்டி ஓட்டுநரிடம் கேட்கவே கேட்காதீர்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்கு நடுவே போடப்பட்டது. அவர்கள் வெளியாட்களோடு பகையில்லாமல் பழகத் தொடங்கியதே 1990களின் கடைசியில்தான். நாம் கொண்டுபோகும் சாதாரணச் சளிக்கும் தட்டம்மைக்கும் அவர்கள் உடம்பில் எதிர்ப்பு குறைவு. காடுவழிச் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டியை நிறுத்துவது, படமெடுப்பது, சாப்பிடக் கொடுப்பது எல்லாம் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கடந்து போங்கள்.

என் சொந்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். குகையை ஒரு தடவை பார்த்தேன். அதற்காக மட்டும் அந்தச் சாலையில் இனி போக மாட்டேன். வடக்கே போக வேண்டியிருந்தால் போர்ட் பிளேரிலிருந்து லாங் ஐலண்ட், ரங்கத் பக்கம் போகும் அரசுப் படகைத் தேடுகிறேன். நேரம் கூடும், பரவாயில்லை. பாரடாங்குக்குக் கடல்வழிப் பயணம் இருக்கிறதா என்று சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதையே எடுங்கள்.

சேற்று எரிமலை பார்க்கத் தகுந்ததா?

எரிமலை என்ற சொல்லை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். வேலி போட்ட ஒரு திட்டில் சாம்பல்நிறச் சேறு அவ்வப்போது குமிழ்விடும். அடியில் அழுந்திய வாயு சேற்றை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். நெருப்புக் கக்கும் நிஜ எரிமலை கிழக்கே கடலுக்கு நடுவே இருக்கும் பாரன் தீவு. நீண்ட தூக்கத்துக்குப் பிறகு 1991இல் விழித்து, அதன்பின் பலமுறை புகைந்திருக்கிறது. அங்கே இறங்க அனுமதி கிடையாது.

ராஸ் தீவு போர்ட் பிளேருக்கு எதிரிலேயே இருக்கிறதே, டிக்லிபூர் வரை எதற்குப் போக வேண்டும்?

இரண்டும் வேறு வேறு. போர்ட் பிளேருக்கு எதிரே இருந்த ராஸ், ஆங்கிலேயர்களின் தலைமையிடம். ஆலமர வேர்கள் விழுங்கிய கட்டடங்களைப் பார்க்க அங்கே போகலாம். நான் சொல்வது வடக்கே டிக்லிபூருக்குப் பக்கத்தில் ஸ்மித் தீவோடு ஒட்டிய இன்னொரு ராஸ். ஏரியல் பே ஜெட்டியில் வனத்துறை அனுமதி வாங்கி டுங்கியில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இரண்டு தீவுக்கும் நடுவே வெள்ளை மணல் ஒரு முதுகெலும்பு போல ஓடுகிறது. வலப்பக்கம் ஒரு கடல், இடப்பக்கம் ஒரு கடல். வற்றத்தில் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு நடந்து போகலாம். ஏற்றத்தில் மணல் மூழ்கிவிடும். இங்கேயும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மதியத்துக்குமேல் தங்க விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு காலை முதல் படகில் போய்விடுங்கள்.

டிக்லிபூர் வரை போனால் காலிப்பூர் கரையையும் விட்டுவிட வேண்டாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரவில் ஆமைகள் முட்டையிட வரும். பங்குனி ஆமை உட்பட நான்கு வகைகள் வரும் கரை அது. வனத்துறை ஆட்களோடு மட்டும், டார்ச், பிளாஷ் இல்லாமல் போக வேண்டும். பக்கத்திலேயே சேடில் பீக், 732 மீட்டர், அந்தமான் தீவுகளிலேயே உயரமான சிகரம். ஏறுவதற்கு முழு நாள் வேண்டும்.

உண்மையிலேயே ஆளில்லாத கரை எது?

ஹேவ்லாக்கின் ராதாநகர் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலம் மெரினாவை நினைவூட்டும். அங்கேயே காலை ஐந்தரைக்குப் போனால் கரை முழுக்க உங்களுக்குத்தான். அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் வெகு சீக்கிரம் எழுந்துவிடும். ஏப்ரல் மே மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். எட்டு மணிக்கு எழுகிறவருக்கு இங்கே பாதி நாள் போய்விட்டது.

தனிமைதான் வேண்டும் என்றால் லாங் ஐலண்டின் லாலாஜி பே. ஊரிலிருந்து காட்டுப்பாதையில் ஒன்றரை இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், அல்லது டுங்கி. நான் போன நாளில் கரையில் என்னைத் தவிர ஒரு நாய் மட்டும்தான் இருந்தது. ஊரிலிருந்து கூடவே வந்தது, திரும்பவும் கூடவே வந்தது. கடை எதுவும் கிடையாது. தண்ணீர், சாப்பாடு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும், குப்பையையும் நாமே கொண்டுவர வேண்டும்.

நீல் தீவில் சீதாபூர், ராம்நகர் கரைகளில் கூட்டம் குறைவு. சீதாபூரில் சூரிய உதயம், லட்சுமண்பூரில் அஸ்தமனம். தெற்கே லிட்டில் அந்தமானில் பட்லர் பே இருக்கிறது. படகிலேயே முக்கால் நாள் போய்விடும், நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஆளில்லாத கரையில் மணல் ஈ தொல்லை உண்டு. கண்ணுக்கே தெரியாது, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். விடியலிலும் அந்தியிலும் அதிகம். உள்ளூர்க்காரர்கள் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். எனக்கு அது கேட்டது.

முதலை இருக்குமாமே?

இருக்கும். உவர்நீர் முதலை, பெரிய வகை. கழிமுகம், சதுப்புக் காடு, ஓடை கடலில் சேரும் இடம் இவற்றில் வாழும். சில நேரம் கடற்கரைக்கும் வரும். 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணி முதலையால் இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கணுக்கால் அளவுகூட இறங்காதீர்கள். ஆளில்லாத கரை என்றால் உயிர்காப்பாளரும் இல்லை என்றுதான் அர்த்தம். இருட்டிய பிறகு எந்தக் கரையிலும் தண்ணீரில் இறங்க வேண்டாம். காலையில் உள்ளூர் ஆள் குளிக்கும் இடத்தில் நீங்களும் குளிக்கலாம்.

கிளிஞ்சல், பவளத்துண்டு எடுத்து வரலாமா?

கூடாது. பவளமும் பல வகைச் சிப்பி சங்குகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் செத்துக் கிடந்த துண்டும் சேர்த்திதான். விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். என் முன்னால் நின்ற ஒரு குழந்தையின் பென்சில் பெட்டியிலிருந்து நாலு துண்டு எடுத்தார்கள், அது அழுதது. முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அழுகை மிச்சம். காலிச் சங்கு என்று நாம் நினைப்பதில் அடுத்த நாள் துறவி நண்டு குடியேறும். அனுமதி பெற்ற கடைகளில் ரசீதோடு விற்பவற்றை வாங்கலாம், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு அங்கே எல்லாம் மாறிவிட்டதா?

மாறியது, அதுவும் நிலத்தின் உயரமே மாறியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தத் தீவுத்தொடர் ஒரு பலகைபோலச் சாய்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் எழுந்தது. அங்கே பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்து வெளுத்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிக்குக் கடல் வந்துவிட்டது. நீல் பாலத்தின் கல் எப்படிக் கரையேறியிருக்கும் என்று கேட்டீர்களே, அதுபோன்ற ஒரு வேலை நம் காலத்திலேயே சில நிமிடங்களில் நடந்தது.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. கடல் அமைதியாக இருப்பது பிப்ரவரி, மார்ச்சில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்புறம் வடகிழக்கு. அப்போது படகுகள் சொல்லாமல் நின்றுபோகும்.

கப்பலா, விமானமா?

சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம். கப்பலில் இரண்டரை முதல் மூன்று நாள். கப்பலை ஒரு தடவை அனுபவித்துப் பார்க்கலாம், ஆனால் தேதி தள்ளிப்போகும். பத்து நாள் விடுப்பில் அதை நம்பாதீர்கள்.

தீவுகளுக்கிடையே அரசுப் படகும் தனியார் படகும் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து நீலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சீசனில் முன்பதிவு அவசியம். ஒரு தடவை நான் விமானத்துக்கு முந்தின மாலைப் படகில் திரும்பலாம் என்று நீலில் உட்கார்ந்திருந்தேன். காற்று அதிகம் என்று படகு ரத்து. மறுநாள் விமானம் நானில்லாமல் போனது. அந்தப் பணம் போனதுதான். கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள்.

தமிழ் பேசினால் புரியுமா? சாப்பாடு?

போர்ட் பிளேர் பஜாரில் தமிழ் தாராளமாக ஓடும். இட்லி, தோசைக்கும் முருகன் கோயிலுக்கும் பஞ்சமில்லை. நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில், சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். இன்னும் பின்னால் போனால், முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' நிகோபார்தான். நீலிலும் டிக்லிபூரிலும் வங்காள மொழியும் இந்தியும் அதிகம், ஆனால் ஜெட்டியில் ஒரு தமிழர் எப்படியும் இருப்பார்.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பாறைப் பாலம் வேண்டாம், படியும் கூர்க்கல்லும் சேர்ந்து படுத்திவிடும். அம்மாவைக் கூட்டிப்போனபோது லட்சுமண்பூர் முதல் கரையில் உட்காரவைத்தேன். அஸ்தமனம் முடியும் வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. பாரத்பூர் கரையில் அலை குறைவு, கண்ணாடி அடிப்படகு உண்டு. குழந்தைகளுக்கும் அதுதான் ஏற்ற இடம்.

பணம், போன்?

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு போர்ட் பிளேரில் இணையம் நன்றாக இருக்கிறது. மற்ற தீவுகளில் வரும், போகும். லாங் ஐலண்ட், டிக்லிபூர் பக்கம் ரொக்கம் கையில் வேண்டும். டைட் நேரம், டிக்கெட், அறை முகவரி எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதலில் விமான டிக்கெட் போடாதீர்கள். அமாவாசை அல்லது பௌர்ணமி எந்தத் தேதி என்று பாருங்கள். அந்தத் தேதி பயணத்தின் மூன்றாம் நாள் வாக்கில் விழுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். முதல் நாள் போர்ட் பிளேரில் ஓய்வு. இரண்டாம் நாள் காலைப் படகில் நேராக நீல், அங்கே இரண்டு இரவு. ஒரு வற்றம் மழையில் போனால் மறுநாள் இன்னொன்று இருக்கும். நான்காம் நாள் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு, ராதாநகருக்கு விடிகாலையில். ஆறாம் நாள் போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள். டிக்லிபூரையும் இதற்குள் திணிக்க வேண்டாம். போகவே ஒரு நாள், வரவே ஒரு நாள் ஆகும். அதற்கு மட்டும் தனியாக ஐந்து நாள் ஒதுக்கி, ஆமை வரும் ஜனவரியில் போங்கள்.